ஜன்னலோரத்துச் சுற்றத்தார்

லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலைக்குப் பேரம் பேச எவ்வளவு வங்காளம் வேண்டுமோ அவ்வளவுதான் என் மனைவிக்குத் தெரியும் என்று பல வருஷங்களாக நான் கேலி செய்து வந்திருக்கிறேன். அவளும் மறுத்ததில்லை. 1979-இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். வீடு, பிள்ளைகள், வெள்ளிக்கிழமைக் கோயில், சங்கத்து நவராத்திரிக் கொலு, வருஷத்துக்கு ஒரு முறை ஹௌராவில் ரயிலேறி ஊருக்குப் போய் வருவது என்று நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அக்கம்பக்கத்து வங்காளிகளோடு புன்னகை உண்டு, பேச்சு கிடையாது. "பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்பாள்.

2018-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மூன்று மாதத்துக்குப் படியிறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீடு லேக் ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் இரண்டாவது மாடி. காற்று வரட்டும் என்று கட்டிலை ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டோம். ஜன்னலுக்கு நேரே காம்பவுண்டுக்குள் ஒரு பெரிய கிருஷ்ணசூடா மரம். நம் ஊரில் குல்மொஹர், மயில்கொன்றை என்கிறோமே, அதேதான். டி.வி. பார்த்து அலுத்துப்போய், ஒரு நாள் அவள் பழைய டைரி ஒன்றையும் பேனாவையும் கேட்டாள். பால் கணக்கு எழுதப் போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். அன்று அவள் எழுதியது இதுதான்: "காலை 6.10. காகம் இரண்டு. ஒன்று நொண்டுகிறது, என்னைப் போல."

அந்த டைரி இப்போது ஐந்தாவது நோட்டுப் புத்தகத்தை எட்டியிருக்கிறது. அதிலிருந்து சிலவற்றை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

காக்கைக்கு வைத்த சோறு

நம்மில் பல வீடுகளில் இன்றும் காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பாடு. கல்கத்தாவுக்கு வந்தும் இந்தப் பழக்கத்தை நாம் விடவில்லை. மனைவி படுத்துவிட்டதால் அந்தக் கடமை எனக்கு வந்தது. முதல் நான்கு நாள் காகம் என்னை நம்பவில்லை. நான் உள்ளே போன பிறகுதான் சோற்றைத் தொட்டது. ஐந்தாம் நாளிலிருந்து நான் கதவைத் திறக்கும் சத்தத்துக்கே வந்து உட்கார்ந்தது. காகங்கள் மனித முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பது வெறும் பாட்டி கதையல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு குறிப்பிட்ட முகமூடியை அணிந்து காகங்களைப் பிடித்து விட்டார்கள். பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கூச்சலிட்டன. வேறு முகமூடிக்கு அந்த ஆத்திரம் காட்டவில்லை. அது அந்த நாட்டுக் காகம். நம்முடையதும் அறிவில் குறைந்ததாகத் தெரியவில்லை.

காய்ந்த ரொட்டித் துண்டை அப்படியே விழுங்காமல், மொட்டை மாடித் தொட்டியில் நனைத்து ஊறவைத்துத் தின்பதை நோட்டில் மூன்று முறை குறித்திருக்கிறாள். வயிறு நிறைந்த பிறகு மிச்சத்தைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்து, மேலே ஒரு சருகை இழுத்து மூடிவிட்டுப் போனதும் பதிவாகியிருக்கிறது. "பத்திரப்படுத்துவதில் உங்கள் பேங்க் லாக்கரை விடத் தேவலை" என்று அதற்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு. நான் ஓய்வு பெற்ற பேங்க் ஊழியன் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள்.

2019 ஏப்ரலில் அந்த ஜோடி கிருஷ்ணசூடாவின் உச்சியில் கூடு கட்டியது. சுள்ளியோடு கம்பியும் கொடியில் காயப்போட்ட துணியின் கிளிப்பும் கூடக் கூட்டில் போய்ச் சேர்ந்தன. பங்குனியிலிருந்தே தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்த குயில் இப்போது கூட்டுக்குப் பக்கத்துக் கிளைக்கே வந்துவிட்டது. கூவுவது ஆண், கரி நிறம், சிவந்த கண். காகங்கள் இரண்டும் அதை விரட்டிக்கொண்டு போகும்போது, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயில் சத்தமில்லாமல் கூட்டுக்குள் நுழைந்து வெளியே வரும். ஒரு நாள் மத்தியானம் இதை அவள் கண்ணாரப் பார்த்தாள். "இங்கே வாருங்களேன், பட்டப்பகலில் மோசடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் குக்கரை மறந்து ஓடினேன்.

காக்கை முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள் போதும். முந்திப் பொரிந்த குஞ்சு முந்தி வாயைத் திறக்கிறது. முந்தி இரை கிடைக்கிறது. ஜூன் மாதத்தில், காகத்துக்குப் பின்னாலேயே கிளைக்குக் கிளை தாவி, புள்ளி போட்ட குஞ்சொன்று சிறகடித்துக் கெஞ்சியது. காகம் தன் வாயில் இருந்ததை அதன் தொண்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தது. அன்றைய குறிப்பு ஒரே வரி: "தெரிந்து கொடுக்கிறதா, தெரியாமல் கொடுக்கிறதா?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பெயர் தெரிந்தால் பேச்சு வரும்

காகமும் குயிலும் மைனாவும் தாண்டினால் எங்கள் இருவருக்கும் பெயர் தெரியாது. முதல் ஆசிரியை, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்மணி. கானிங்குக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து முதல் லோக்கலைப் பிடித்து வருபவர். என் மனைவி விரலை நீட்டியதும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிடுவார்: தொயேல், புல்புலி, குபோ, ஹாண்டிசாசா.

இந்த ஹாண்டிசாசாவின் கதையைக் கேளுங்கள். நீண்ட வாலும் செம்பழுப்பு உடம்புமாக வரும் வால்காக்கைதான் அது. ஹாண்டி என்றால் பானை. சாசா என்றால் சுரண்டுவது. அடிப்பிடித்த பானையைச் சுரண்டுவது போன்ற அதன் கரகரப்புக் குரலுக்கு வங்காள கிராமத்துப் பெண்கள் வைத்த பெயர் இது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. பாத்திரம் தேய்ப்பவர் வாயால் அதைக் கேட்டபோது அவரும் சிரித்தார், என் மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இரண்டாவது ஆசிரியை கீழ் வீட்டு மாஸிமா. எண்பதைத் தாண்டிய பெரியவர். பால்கனியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மேலிருந்து என் மனைவி கேட்பாள், கீழிருந்து அவர், "பௌமா, அது டுன்டுனி!" என்பார். டுன்டுனி என்பது நம் தையல்சிட்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அகன்ற இலையின் ஓரங்களை அலகால் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்து உள்ளே கூடு வைக்கும். வங்காளக் குழந்தைகளுக்கு இது கதாநாயகன். உபேந்திரகிஷோர் ராய்சௌதுரி 1910-இல் வெளியிட்ட 'டுன்டுனிர் பொய்' என்ற கதைப் புத்தகம் இன்றும் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. திரைப்பட மேதை சத்யஜித் ராயின் பாட்டனார்தான் அவர்.

இப்படிப் பெயர் சேர்க்கச் சேர்க்க ஒன்று புரிந்தது. பறவை ஒன்றே, பார்க்கும் கண்தான் ஊருக்கு ஊர் வேறு.

காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்பது நம் நம்பிக்கை. சங்க காலத்திலேயே அதைப் பாடிக் காக்கை பாடினியார் நச்செள்ளையார் என்று பெயர் பெற்றார் ஒரு புலவர். அந்தப் பாட்டு குறுந்தொகையில் 210-ஆவது. வங்காளத்தில் இந்தச் செய்தி கொண்டுவரும் வேலை மஞ்சள் உடம்பும் கறுப்புத் தலையுமாக உள்ள மாங்குயிலுக்குத் தரப்பட்டிருக்கிறது. அதன் பெயரே இஷ்டிகுடும். அன்பான உறவினர் என்று பொருள்.

தவிட்டுக்குருவி கூட்டம் கூட்டமாகத் தரையில் தத்திச் சருகைப் புரட்டும். வெள்ளைக்காரன் அதை ஏழு சகோதரிகள் என்றான். வங்காளி ஸாத்பாய், ஏழு சகோதரர்கள் என்கிறான். எண்ணிக்கையில் தகராறு இல்லை! சென்னையில் நாம் பார்க்கும் தவிட்டுக்குருவிக்குத் தலை வெளுத்திருக்கும். இங்கே உள்ளது வேறு இனம். உடம்பு முழுவதும் சாம்பல் கலந்த பழுப்பு. அதேபோல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மைனா இங்கே சர்வ சாதாரணம். நம் ஊர்ப் பக்கம் அதைப் பார்த்த நினைவு எங்கள் இருவருக்கும் இல்லை.

ஆந்தை விஷயத்தில்தான் பெரிய வித்தியாசம். நாம் கூகையின் குரல் கேட்டால் கதவைச் சாத்துவோம். இங்கே அதற்கு லொக்கி பேஞ்சா என்று பெயர். லக்ஷ்மியின் வாகனம் அல்லவா? துர்கா பூஜைக்கு அடுத்து வரும் பௌர்ணமியில் லக்ஷ்மி பூஜை செய்யும் வீட்டில் ஆந்தை வந்து உட்கார்ந்தால் செல்வம் வந்ததாக மகிழ்வார்கள். எதிர் வீட்டுப் பழைய சுவரில் ஒரு கூகை வந்தபோது என் மனைவி விபூதியைத் தேடினாள். மாஸிமா கீழிருந்து சங்கு ஊதினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அது லக்ஷ்மிதான்.

ஒற்றை மைனாவைப் பார்த்தால் துக்கம், ஜோடியாகப் பார்த்தால் சந்தோஷம் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை அறிந்த நம்பிக்கை. என் மனைவியின் நோட்டில் வருஷம் முழுவதும் ஷாலிக் என்கிற மைனாவுக்கு நேராக 'இரண்டு', 'இரண்டு' என்றே வருகிறது. சித்திரை, வைகாசியில் மட்டும் 'ஒன்று' என்பது அதிகம். காரணம் எளிது. மைனா ஜோடியாக வாழும் பறவை. ஒன்று கண்ணில் பட்டால் இன்னொன்று பத்தடிக்குள் இருக்கும். அடைகாக்கும் காலத்தில் ஒன்று பொந்துக்குள் இருக்க, மற்றது தனியே இரை தேடுகிறது. ஆகையால் ஒற்றை மைனாவைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். எங்கோ அருகில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

ஜன்னல் கடிகாரம்

கல்கத்தாவில் சூரியன் முந்திக்கொள்ளும் என்பது சென்னையிலிருந்து வரும் நம் உறவினர்களுக்கெல்லாம் முதல் ஆச்சரியம். ஜூன் மாதம் ஐந்து மணிக்கு முன்பே உதயமாகிவிடும். அதற்கும் அரை மணி முன்னால், இருட்டு பிரியாத வேளையில், கறுப்பு வெள்ளைத் தொயேல் ஆன்டெனாக் கம்பியில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிடும். தமிழில் குண்டுகரிச்சான். பக்கத்துத் தேசமான பங்களாதேஷின் தேசியப் பறவை இதுதான்.

பிறகு காகங்கள். ஏழு மணிக்குக் கொண்டைக்குருவி ஜோடி. எட்டரை மணிக்கு மேல் பருந்துகள் வட்டமிடத் தொடங்கும். அதற்கு முன் வராது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் காற்று மேலெழும்பும்; சிறகை அசைக்காமல் அதன் மேல் ஏறிப் போவது பருந்தின் சாமர்த்தியம். பத்து மணிக்கு ஏழு சகோதரர்கள் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போவார்கள். உச்சி வெயிலில் எல்லாம் அடங்கியபின் கன்னான் பாத்திரம் தட்டுவது போல் ஒரே சீராக 'டுக், டுக், டுக்' என்று கேட்கும். அது செம்மார்புக் குக்குறுவான். உற்றுப் பார்த்தால் அலகு திறப்பதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் தொண்டைதான் புடைக்கிறது. சாயங்காலம் கிளிகள் கீச்சிட்டபடி லேக் பக்கம் போகும். இருட்டியதும் புள்ளி ஆந்தைகள் இரண்டு எதிர்ச் சுவரில் சண்டை போடும்.

மாதத்துக்கும் அட்டவணை உண்டு. துர்கா பூஜை சமயத்தில் மொட்டை மாடியில் வாலாட்டிக்குருவி வந்துவிட்டால் குளிர்காலம் கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அது வடக்கே இமயமலையையும் அதற்கு அப்பாலையும் விட்டு வருகிறது. கூடவே பழுப்புக் கீச்சானும் வந்து ஒரே கம்பியில் மாதக்கணக்கில் குடியிருக்கும். சித்திரைக்குள் இரண்டும் போய்விடும்.

மயிலாப்பூரிலிருந்து சௌரங்கிக்கு

இந்த இடத்தில் ஒரு வெட்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை படிப்பவன். அதில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை 'கன்ட்ரி நோட்புக்' என்ற தலைப்பில் மா. கிருஷ்ணன் எழுதி வந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; 1912-இல் பிறந்தவர். சந்தூர் சமஸ்தானத்தில் சில காலம் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சென்னை திரும்பி, மயிலாப்பூரில் இருந்துகொண்டு எழுத்தையும் புகைப்படத்தையுமே தொழிலாக வைத்துக்கொண்டவர். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார். யானைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மிகச் சிலருக்கே தெரியும். ஆனால் வீட்டைச் சுற்றி வரும் சாதாரண உயிர்களைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். 1950-இல் தொடங்கிய அந்தப் பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் மறையும் வரை 46 வருஷம் வந்தது. மயிலாப்பூர்க்காரர் ஒருவர் எழுத, சௌரங்கியில் அச்சாகி, கல்கத்தா படித்தது. தமிழர் என்ற பெருமையில் நானும் தவறாமல் படித்தேன். படித்து முடித்துப் பேப்பரை மடித்துவிட்டு ஆபீஸ் போனேன். என் ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. படிக்காதவள் பார்த்தாள்.

கல்கத்தாவுக்கே இந்தப் பழக்கம் பழையது. 1841-இல் எட்வர்ட் பிளைத் என்பவர் ஏஷியாடிக் சொஸைட்டி மியூசியத்தின் பொறுப்பாளராக வந்து 1862 வரை இங்கே பணியாற்றினார். டார்வினுக்கு இந்தியாவிலிருந்து தகவல் எழுதி அனுப்பியவர்களில் முக்கியமானவர். பனிக்காலத்தில் நம் தோட்டத்துப் புதரில் ஒளிந்து 'சக், சக்' என்று ஒலி எழுப்பும் ஒரு சின்னஞ்சிறு பறவை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. டி. டி. கன்னிங்ஹாம் என்ற டாக்டர் இங்கே காலராவை ஆராய்ந்துகொண்டே வீட்டையும் தோட்டத்தையும் சுற்றி வரும் பறவைகளையும் பிராணிகளையும் கவனித்து, 1903-இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

அந்தக் காலத்துக் கல்கத்தாவின் அடையாளமே ஒரு பறவைதான். ஹர்கிலா என்ற ராட்சத நாரை. எலும்பை விழுங்குவது என்று பெயருக்குப் பொருள். ஆள் மார்பளவு உயரம், வழுக்கைத் தலை. மழைக்காலத்தில் கவர்னர் மாளிகையின் கூரையிலும் மதிலிலும் வரிசையாக நின்றிருக்கும். ஊர்க் கழிவைத் தின்று தீர்த்ததால் துப்புரவுத் தொழிலாளியின் மதிப்பு அதற்கு இருந்தது. கல்கத்தா நகராட்சியின் பழைய சின்னத்தில் இரண்டு ஹர்கிலாக்கள் எதிரெதிரே நின்றன. இன்று நகரத்தில் ஒன்றுகூட இல்லை. இந்தியாவில் அஸ்ஸாமிலும் பீகாரிலும்தான் மிச்சம். ஒரு ஊரின் சின்னத்தில் இடம் பிடித்த பறவையே ஊரை விட்டுப் போகலாம் என்றால், மற்றவை எம்மாத்திரம்?

சிட்டுக்குருவியைக் கேளுங்கள். சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதியார் வாரி இறைத்தது அதற்குத்தானே? 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி குறையவில்லை, ஆனால் ஆறு பெருநகரங்களில் குறைந்து வருகிறது என்று சொன்னது. அந்த ஆறில் சென்னையும் உண்டு, நம் கல்கத்தாவும் உண்டு. செல்போன் கோபுரம்தான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். அதற்குச் சரியான நிரூபணம் இல்லை. கூடு வைக்கப் பொந்து இல்லாத கண்ணாடிக் கட்டிடங்களும், குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லாத சிமெண்ட் முற்றங்களும் கண்ணெதிரே இருக்கின்றன. எங்கள் நோட்டில் ஐந்து புத்தகத்திலும் சேர்த்துச் சிட்டுக்குருவி பதினொரு முறைதான் வந்திருக்கிறது.

உம்பன் புயலும் ஒரு கூட்டமும்

2020 மே 20-ஆம் தேதி இரவை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏற்கெனவே ஊரடங்கு, அதன் மேல் உம்பன் புயல். கதவு, ஜன்னலெல்லாம் நடுங்கின. இரவு ஒன்பது மணி வாக்கில் பூமி பிளந்தது போல் ஒரு சத்தம். விடிந்து பார்த்தால் கிருஷ்ணசூடா வேரோடு சாய்ந்து காம்பவுண்டுச் சுவர் மேல் கிடந்தது. நகரம் முழுவதும் ஆயிரக்கணக்கான மரங்கள் அப்படித்தான் கிடந்தன. எங்களுக்கு நான்கு நாள் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. அந்த நான்கு நாளும் காக்கை ஜோடி விழுந்த மரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது. கூட்டில் குஞ்சு இருந்த சமயம்.

மரத்தை அறுத்து எடுத்துப் போன பிறகு ஜன்னல் வெறிச்சோடியது. மனைவி எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதத்தான் அதிகம் இல்லை. 2018 முதல் புயல் வரை அந்த ஜன்னலிலிருந்து அவள் பார்த்தவை 31 வகை. அதற்குப் பிந்தைய ஆறு மாதத்தில் 14.

அந்த டிசம்பரில் மொட்டை மாடியில் ஃப்ளாட்காரர்கள் கூட்டம் நடந்தது. மரம் இருந்த இடத்தைச் சிமெண்ட் போட்டு மூடி இரண்டு கார் நிறுத்தலாம் என்று யோசனை. பெரும்பாலோருக்குச் சம்மதம். நியாயமான தேவைதான், எனக்கும் எதிர்த்துப் பேசத் துணிவில்லை. அப்போது கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் மனைவி எழுந்தாள். நாற்பத்தொரு வருஷத்தில் வங்காளிகள் கூடிய ஒரு கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை. இலக்கணம் எதுவும் இல்லாத வங்காளத்தில் அவள் சொன்னதன் சாரம் இது: "அந்த இடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கூட்டத்துக்கு வரவில்லை. அவர்கள் பெயரை நான் படிக்கிறேன்."

நோட்டைத் திறந்து 31 பெயரையும் வங்காளத்தில் படித்தாள். ஐந்தாவது பெயரில் யாரோ உச்சரிப்பைத் திருத்தினார்கள். எட்டாவதில், "அது எங்கள் ஊரில் வேறு பெயர்" என்று ஒருவர். பன்னிரண்டாவதில் இரண்டு பேருக்குள் வாக்குவாதம். தன் சிறு வயதில் பெரிய வீடுகளில் விஜயதசமியன்று நீலகண்டப் பறவையைப் பறக்க விட்டதை மாஸிமா சொன்னார். தேவி கைலாசம் திரும்பும் செய்தியை அது சிவனுக்கு முன்கூட்டியே சொல்லுமாம். நம் பனங்காடைதான் நீலகண்டம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதைப் பிடிப்பது குற்றம். இப்போது களிமண் பறவையோடு சடங்கை முடித்துக்கொள்கிறார்கள். இப்படி அரை மணி நேரம் கூட்டம் பறவைக் கூட்டமாகவே நடந்தது. கடைசியில் ஒரு காருக்கு இடம் விட்டு, மீதியில் ஒரு மரம் நடுவது என்று முடிவாயிற்று. ஒரு காருக்கு இடம் போனவர் இன்றும் என்னிடம் சற்று முகம் கொடுக்காமல்தான் போகிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

என்ன மரம்? மறுபடி கிருஷ்ணசூடாவே வைக்கலாம் என்றார் ஒருவர். அதன் பூ அழகுதான். ஆனால் மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், புயலுக்கு எளிதில் சாயும். நம் மண்ணின் மரங்களையே நட வேண்டும் என்று மா. கிருஷ்ணன் விடாமல் எழுதியது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. 46 வருஷத்துப் பத்தியை இத்தனை வருஷம் படித்ததற்கு அன்றுதான் ஒரு பயன் கிடைத்தது. மாஸிமா சொன்ன பகுல் மரம் எல்லாருக்கும் பிடித்தது. அது நம் மகிழமரம்.

நீங்களும் தொடங்கலாம்

இதற்குப் பைனாகுலர் வேண்டாம், காடும் வேண்டாம். ஒரு ஜன்னல், ஒரு நோட்டு, தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிஷம் போதும். தேதி, நேரம், எத்தனை, என்ன செய்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகு, வால், நிறம் ஆகியவற்றைக் குறியுங்கள். பெயர் பின்னால் வரும். மண் தட்டில் தண்ணீர் வைத்துத் தினமும் கழுவி மாற்றுங்கள். உப்பும் எண்ணெயும் போட்ட பலகாரத்தைப் போட வேண்டாம். மூட்டை மூட்டையாகப் புறாவுக்குத் தானியம் கொட்டுவதும் நல்லதல்ல. அவற்றின் எச்சம் பெருகும் இடத்தில் சுவாசக் கோளாறு வரும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுத்து, 'ஈபேர்டு' என்ற உலகப் பொதுப் பதிவேட்டில் சேர்த்து வருகிறார்கள். பிப்ரவரியில் உலகம் முழுவதும் நான்கு நாள் இதுபோல நடக்கிறது. நம் வீட்டு ஜன்னல் கணக்கையும் அதில் சேர்க்கலாம். பொங்கலும் இங்கத்துப் பௌஷ சங்கராந்தியும் ஒரே சமயத்தில் வருவதால், அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். அவர்களுக்குப் பெயர் தெரியும், நம்மிடம் சர்க்கரைப் பொங்கல் இருக்கும்.

மாஸிமா 2023 மார்கழியில் காலமானார். காரியங்கள் முடிந்த பிறகு அவருடைய பேரன் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து, "பாட்டி உங்களிடம் கொடுக்கச் சொன்னார்" என்று என் மனைவியிடம் தந்தான். அட்டை கிழிந்த 'டுன்டுனிர் பொய்'. அவளுக்கு அப்போது வங்காள எழுத்து தெரியாது. இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்; மூன்றாவது கதையில் இருக்கிறாள்.

மகிழமரம் மெதுவாக வளரும் ஜாதி. இப்போதுதான் முதல் மாடி ஜன்னலை எட்டியிருக்கிறது. அதில் இன்னும் கூடு எதுவும் இல்லை. போன வாரக் குறிப்பு மட்டும் சொல்கிறேன்: "காலை 6.40. காகம் ஒன்று. மகிழமரத்தின் கிளை கிளையாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று."